வீடு மாறினா யாருகிட்ட சொல்லணும்? ஆம்பூர் வழியா ஒரு முகவரி வரலாறு

இன்னைக்கு எபிசோட் முகவரியைப் பத்தி. குறிப்பா, வாடகைக்கு இருக்கிறவங்களோட முகவரி. கேட்க சப்புனு இருக்கும். ஆனா இதுக்குள்ள ஒரு நூறு வருஷ வரலாறு ஒளிஞ்சிருக்கு.

ஆம்பூர்ல ஒரு சொந்த வீடு இருக்குன்னு வச்சுக்குவோம். 1985லிருந்து அதே தெரு, அதே கதவு, அதே குடும்பம். யாரும் எங்கயும் போகல. ஆனா அந்த முகவரியில மாவட்டம்ங்கிற வரி மட்டும் மூணு தடவை மாறியிருக்கு. முதல்ல வட ஆற்காடு. 1989இல் மாவட்டத்தைப் பிரிச்சப்போ வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1990களின் பிற்பாதியில வேலூர் மாவட்டம். 2019 நவம்பர் 28லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். பக்கத்துல இருக்கிற வாணியம்பாடி இன்னும் ஒரு படி மேல. 1911 வரைக்கும் அது சேலம் மாவட்டம்!

இதுல ஒரு தடவைகூட அந்தக் குடும்பத்துக்கு ஓட்டு போயிடல. யாரும் அவங்களைப் பார்த்து "நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு நிரூபிங்க"ன்னு கேட்கல. அரசாங்கம் கோடு மாத்திப் போட்டுச்சு, ரெக்கார்டுகள் பின்னாடியே மெதுவா வந்து சேர்ந்துச்சு.

இப்ப அதே தெருவுல ஒரு வாடகைக் குடும்பம். பத்து வருஷத்துல நாலு வீடு மாறியாச்சு. ஊர் மாறல, பின்கோடுகூட மாறல. ஆனா ஆதார்ல இருக்கிறது முதல் வீடு, வாக்காளர் அட்டையில ரெண்டாவது வீடு, கேஸ் புக்குல மூணாவது வீடு, குடியிருக்கிறது நாலாவது வீடு. ஒரே தகவலை நாலு டேபிள்ல தனித்தனியா சேமிச்சு வச்சா என்ன ஆகும்னு டேட்டாபேஸ் பேப்பர் எழுதின எல்லாருக்கும் தெரியும். ஒண்ணை மாத்தினா மத்த மூணும் பொய் சொல்லும்.

நகராத குடும்பத்துக்கு மூணு முகவரி வந்தும் பிரச்சினை இல்ல. ரெண்டு தெரு தள்ளிப் போன குடும்பம் மட்டும் ரெக்கார்டுல காணாமப் போயிடுது. இது ஏன்னு புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

முகவரி யாருக்கு இருந்துச்சு?

வெள்ளைக்காரங்க காலத்துல அரசாங்கத்துக்கு உங்க முகவரி தேவைப்பட்டதுக்கு முக்கியமா ரெண்டு காரணம். ஒண்ணு, நீங்க வரி கட்டுறவர். இன்னொண்ணு, நீங்க சந்தேகத்துக்கு உரியவர்.

முதல் வகை மதிப்பானது. 1935ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டத்தின்படி ஓட்டுரிமை சொத்து, வரி, படிப்பு மாதிரியான தகுதிகளோட கட்டப்பட்டிருந்துச்சு. வயசு வந்தவங்கள்லயே பெரும்பாலானவங்களுக்கு ஓட்டு இல்ல. 1937இல் சென்னை மாகாணத்துல நடந்த தேர்தல் இந்த ஏற்பாட்டுலதான் நடந்துச்சு. நிலமும் வீடும் இருக்கிறவனுக்குத்தான் ஊர்ல வேர் இருக்குங்கிறது அதுக்குப் பின்னாடி இருந்த எண்ணம்.

இரண்டாவது வகை கொடுமையானது. 1911ஆம் வருஷத்து குற்றப் பழங்குடிகள் சட்டம் நிறைய பேருக்குப் பேரளவுல தெரியும். சென்னை மாகாணத்துல குறவர், கள்ளர்னு பல சமூகங்களை முழுசா இந்தச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அதுல ஒரு பிரிவு என்ன சொல்லுச்சுன்னா, பதிவு செய்யப்பட்ட ஆள் தன் குடியிருப்பை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கணும். இடம் மாறினா சொல்லணும். மாறப் போறேன்னாலும் முன்கூட்டியே சொல்லணும். கொஞ்ச நாள் வெளியூர் போனாலும் சொல்லணும். சொல்லலைன்னா தண்டனை. சென்னை மாகாணத்துல இந்தச் சட்டத்தை 1947லதான் எடுத்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. "வீடு மாறினா அரசாங்கத்துகிட்ட அப்டேட் பண்ணணும்"ங்கிற வேலை நம்ம தாத்தா காலத்துலயே இருந்திருக்கு. ஆனா அது உரிமையா இல்ல, கண்காணிப்பா இருந்துச்சு. வீடு இருக்கிறவனுக்கு ஓட்டு, நடமாடுறவனுக்கு போலீஸ். வாடகைக்காரன்னா ஒரு படி சந்தேகமா பார்க்கிற நம்ம ஊர் பழக்கத்தை இதோட சேர்த்துப் பார்த்தா நிறைய விஷயம் புரியும்.

"நான் இங்கதான் இருக்கப் போறேன்" என்ற வார்த்தை

சுதந்திரம் வந்ததும் இந்தக் கணக்கைத் தலைகீழா மாத்தினாங்க. வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டு. அரசியலமைப்பை இன்னும் எழுதிட்டே இருக்காங்க, அதுக்குள்ள 1948லயே அரசியலமைப்பு அவையின் செயலகம் வாக்காளர் பட்டியல் தயாரிக்கச் சொல்லி மாகாணங்களுக்கு எழுதிடுச்சு. இந்தக் கதையை வரலாற்று ஆய்வாளர் ஓர்னித் ஷானி ஆவணங்களை வச்சு விரிவா எழுதியிருக்காங்க.

அப்போ வச்ச விதி, ஒரு இடத்துல குறைஞ்சது 180 நாள் குடியிருந்திருக்கணும். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அது பிரிவினைக் காலம். லட்சக்கணக்கான அகதிகள் எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்காங்க. 180 நாள் கணக்கு அவங்ககிட்ட எப்படி இருக்கும்? பத்திரம், ரசீது எதுவும் கையில இல்ல. அவங்களை என்ன பண்றது?

முடிவு என்ன தெரியுமா? "இந்த ஊர்லதான் நிரந்தரமா இருக்கப் போறேன்"னு அகதி உறுதிமொழி கொடுத்தா போதும், பட்டியல்ல சேர்த்துக்கோங்கன்னு சொன்னாங்க. எல்லா இடத்துலயும் இது சுலபமா நடந்துடல. அசாம்ல "மிதக்கும் மக்கள்"னு ஒரு பேர் வச்சு, நகர்ந்து வந்தவங்களைப் பட்டியலுக்கு வெளிய வைக்கப் பார்த்தாங்க. அதை எதிர்த்து மனுக்கள் போச்சு, செயலகம் தலையிட்டுச்சு. ஆனா கொள்கை நின்னுச்சு. ஒரு மனுஷனோட சொல்லே முகவரிக்குச் சான்று.

அடுத்து வந்தது 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதுல 19ஆவது பிரிவு, வாக்காளர் அந்தத் தொகுதியில "சாதாரணமாகக் குடியிருப்பவர்" ஆக இருக்கணும்னு சொல்லுது. அந்த 180 நாள் நிபந்தனையையும் 1958இல் செய்த திருத்தத்துல எடுத்துட்டாங்க. 20ஆவது பிரிவுலதான் இந்த எபிசோடோட உயிரே இருக்கு. அது சொல்றதை நம்ம தமிழ்ல சொன்னா இப்படி வரும்: ஒரு ஊர்ல உனக்கு வீடு சொந்தமா இருக்கு அல்லது உன் கைவசம் இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக நீ அங்க குடியிருக்கிறவன் ஆகிட முடியாது.

அதாவது, பூட்டிக் கிடக்கிற மூணு மாடி வீட்டோட ஓனருக்கு அங்க ஓட்டு இல்ல. அந்த வீட்டுப் பின்பக்க போர்ஷன்ல தூங்குறவருக்கு அங்கதான் ஓட்டு. 1935ஆம் வருஷத்து எண்ணத்தைச் சட்டம் நேரடியா மறுத்துச்சு. அதே பிரிவு இன்னொண்ணும் சொல்லுது: தற்காலிகமா வெளியூர் போனா உன் குடியிருப்பு போயிடாது.

குடியாத்தமும் குவஹாத்தியும்

சட்டத்தை நம்மளவிட அரசியல்வாதிகள் நல்லா படிச்சிருக்காங்க. ரெண்டு கதை சொல்றேன்.

ஒண்ணு நம்ம பகுதியிலயே நடந்தது. 1954 ஏப்ரல்ல காமராஜர் முதலமைச்சர் ஆனார். அப்போ அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்ல, மக்களவை உறுப்பினர். ஆறு மாசத்துக்குள்ள சட்டமன்றத்துக்கு வரணும். விருதுநகர்க்காரர் எங்க நின்னார் தெரியுமா? வடக்குக் கோடியில இருக்கிற குடியாத்தத்துல. அந்த இடைத்தேர்தல்ல ஜெயிக்கவும் செஞ்சார். இதுல தப்பு எதுவும் இல்ல. மாநிலத்துல ஏதாவது ஒரு தொகுதியில வாக்காளரா இருந்தா போதும், எந்தத் தொகுதியிலயும் வேட்பாளரா நிக்கலாம். குடியாத்தத்துல ஓட்டு போடத்தான் குடியாத்தத்துல குடியிருக்கணும்.

ரெண்டாவது கதை, இந்தியாவோட மிகப் பிரபலமான வாடகை முகவரி. 1991இல் மன்மோகன் சிங் அசாம்லிருந்து மாநிலங்களவைக்குப் போனார். அப்போ இருந்த விதிப்படி அந்த மாநிலத்துலயே வாக்காளரா இருக்கணும். அவர் குவஹாத்தியில, அப்போதைய முதலமைச்சர் ஹிதேஸ்வர் சைக்கியா குடும்பத்து வீட்டுல வாடகைதாரரா பதிவு செஞ்சிருந்தார். அவர் உண்மையிலயே அங்க "சாதாரணமாகக் குடியிருப்பவர்"தானாங்கிற கேள்வி பல வருஷம் ஓடுச்சு. கடைசியில 2003இல் நாடாளுமன்றம் அந்த விதியையே எடுத்துடுச்சு. எடுத்தது சரிதான்னு 2006இல் குல்தீப் நய்யார் வழக்குல உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு.

கவனிங்க. நாடாளுமன்றம் போறவங்களுக்கு முகவரி விதி இடைஞ்சலா இருந்தப்போ விதி நகர்ந்து கொடுத்துச்சு. ஆம்பூர்ல வீடு மாறுற குடும்பத்துக்கு அந்த மாதிரி எதுவும் நகரல.

தோல் ஊர்ல குடியிருக்கிறவங்க

சரி, அந்தக் குடும்பம் யாரு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. பாலாறையும் சென்னை பெங்களூரு ரோட்டையும் ஒட்டி நீளுற தோல் ஊர்கள். வெள்ளைக்காரங்க காலத்துல இங்கிருந்து ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியா லண்டன் சந்தைக்குப் போச்சு. 1970கள்ல மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி பண்றதுக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு. முழுசா முடிச்ச தோல், ஷூ, ஷூ அப்பர்னு செஞ்சு அனுப்புங்கன்னு தள்ளுச்சு. அதுக்கப்புறம் டேனரிக்குப் பக்கத்துல ஷூ கம்பெனிகள் வந்துச்சு.

இது வேலை செய்யிற ஆளையே மாத்திடுச்சு. டேனரியில பெரும்பாலும் ஆண்கள், அதிலும் தலித் தொழிலாளர்கள் அதிகம். ஷூ கம்பெனி தையல் பிரிவுல பெரும்பாலும் பெண்கள். காலையில கம்பெனி பஸ் சுத்துப்பட்டுக் கிராமங்கள்ல ஏத்திட்டு வரும். கொஞ்சம் பேர் பஸ் தொல்லை வேண்டாம்னு ஊருக்குள்ளயே லைன் வீடு, போர்ஷன்னு வாடகைக்கு வந்துடுவாங்க. ஆர்டர் குறைஞ்சா வேற கம்பெனி. கம்பெனி மாறினா அதுக்குப் பக்கத்துல வேற வீடு. வீடு மாறுறது இங்க அந்தத் தொழிலோட ஒரு பகுதி.

இன்னும் கீழ ஒரு அடுக்கு இருக்கு. 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில, தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற பொது நிலையத்தோட கழிவுச் சேற்றுத் தொட்டி விடியறதுக்கு முன்னாடி இடிஞ்சது. பக்கத்துல இருந்த டேனரி வளாகத்துக்குள்ள சேறு பாஞ்சது. அங்க தூங்கிட்டிருந்தவங்கள்ல 10 பேர் இறந்துட்டாங்க. பெரும்பாலானவங்க மேற்கு வங்கத்துலிருந்து வந்த தொழிலாளர்கள்.

அவங்க வேலை பார்த்த இடமும் தூங்கின இடமும் ஒண்ணு. பேப்பர்ல முகவரி ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். சட்டப்படி பார்த்தா, ராணிப்பேட்டைதான் என் ஊர்னு முடிவு பண்ணியிருந்தா அவங்க அங்க வாக்காளர் ஆகியிருக்கலாம். கதவு நம்பர்கூட வேண்டாம். வீடே இல்லாதவங்களுக்குத் தேர்தல் ஆணையம் ஒரு நடைமுறை வச்சிருக்கு: வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரி நேரத்துல அந்த இடத்துக்குப் போய், அவர் உண்மையிலயே அங்க தூங்குறாரான்னு ஒரு ராத்திரிக்கு மேல பார்க்கணும். பார்த்து உறுதியானா பட்டியல்ல சேர்க்கலாம், பேப்பர் தேவையில்ல. நடைபாதையில தூங்குறவருக்கு இப்படி ஒரு வழி இருக்கு. வாடகை வீட்டுல இருக்கிறவர்கிட்டதான் முதல்ல பத்திரம் எங்கன்னு கேட்கிறோம்.

11 மாசத்தோட ரகசியம்

இப்ப அந்தப் பத்திரத்துக்கு வருவோம். வாடகை ஒப்பந்தம் ஏன் எப்பவும் 11 மாசம்?

1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யணும். பதிவுன்னா முத்திரைத்தாள் செலவு, பதிவுக் கட்டணம், ரெண்டு பேரும் ஆபீசுக்கு அலையணும். அதனால ஒரு மாசம் குறைச்சு 11 மாசம்னு எழுதிட்டா வேலை முடிஞ்சுது. ஓனருக்கு இன்னொரு பயமும் இருந்துச்சு. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல வாடகைதாரரைக் காலி பண்ண வைக்கணும்னா சட்டத்துல சொன்ன காரணங்கள்ல ஒண்ணைக் காட்டணும். எழுத்துல எவ்வளவு குறைவா இருக்கோ அவ்வளவு நிம்மதின்னு ஓனர்கள் பழகிட்டாங்க.

இந்தப் பக்கம் போக்கியமும் உண்டு. மொத்தமா ஒரு தொகையைக் கொடுத்துட்டு வாடகை இல்லாம இருந்துட்டு, காலி பண்றப்போ தொகையைத் திருப்பி வாங்கிக்கிறது. முறைப்படி பார்த்தா அதையும் பதிவு செய்யணும். நடைமுறையில ஒரு முத்திரைத்தாள், ரெண்டு சாட்சி, அவ்வளவுதான்.

இப்ப இன்னொரு பக்கம் பாருங்க. வாக்காளர் முகவரி மாத்துறதுக்கு படிவம் 8. 2022 ஆகஸ்ட் 1லிருந்து தொகுதிக்குள்ள மாறினாலும் தொகுதி விட்டுத் தொகுதி மாறினாலும் இந்த ஒரே படிவம்தான். அதுல குடியிருப்புச் சான்று பட்டியல்ல வாடகைதாரருக்குன்னே ஒரு வரி இருக்கு. என்ன கேட்கிறாங்க? "பதிவு செய்யப்பட்ட" வாடகை ஒப்பந்தம்.

சிக்கல் புரியுதா? ஒரு சட்டம் பதிவு பண்ணாம இருக்க வழி விட்டுச்சு. ஊரே அந்த வழியில போச்சு. இன்னொரு படிவம் பதிவு பண்ணினதைக் கொண்டு வான்னு சொல்லுது. ரெண்டையும் எழுதினவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே இல்ல. கரண்ட் பில் ஓனர் பேர்ல, தண்ணி வரி ஓனர் பேர்ல, வீட்டு வரி ஓனர் பேர்ல. சட்டத்துல 20ஆவது பிரிவு வெளிய அனுப்பின ஓனர், சான்றுப் பட்டியல் வழியா திரும்ப உள்ள வந்துட்டார்.

இதுக்கு முன்னாடியும் இந்த மாதிரி நடந்திருக்கு. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தப்போ நிறைய பெண்கள் தங்கள் பேரைச் சொல்லல, இன்னாரோட மனைவி, இன்னாரோட மகள்னு மட்டும் பதிவாச்சு. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏத்துக்கல. சுமார் 28 லட்சம் பெண்களோட பேர் பட்டியல்ல இல்லாமப் போச்சு. இன்னொருத்தர் பேர்ல தொங்கிட்டு இருக்கிற அடையாளத்துக்கு என்ன ஆகும்ங்கிறதுக்கு அது பெரிய பாடம். இன்னைக்கு வாடகைதாரரோட முகவரி அப்படித்தான் ஓனர் பேர்ல தொங்குது.

8,141 ஓட்டு

"ஒரு அட்டையில பழைய முகவரி இருந்தா என்ன பெரிய நஷ்டம்?"னு கேட்கலாம். வேலூர் மக்களவைத் தொகுதியையே எடுத்துப்போம். ஆம்பூரும் வாணியம்பாடியும் குடியாத்தமும் இதுக்குள்ளதான். 2019 ஏப்ரல்ல பணப் பட்டுவாடா புகார்ல இந்தத் தொகுதித் தேர்தலையே ரத்து பண்ணினாங்க. ஆகஸ்ட் 5 அன்னைக்குத் திரும்ப நடந்துச்சு. ரெண்டு முன்னணி வேட்பாளர்களும் ஆளுக்கு 4 லட்சத்து 75 ஆயிரத்துக்கு மேல வாங்கினாங்க. வித்தியாசம் 8,141. ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியா 1,400கூட வராது. ஷூ கம்பெனிகளைச் சுத்தி இருக்கிற சில தெருக்கள்ல இருக்கிற வாடகைக் குடும்பங்களை எண்ணிப் பாருங்க.

அடுத்து 2025. நவம்பர்ல தமிழ்நாட்டுல வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பிச்சுது. பட்டியல்ல இருக்கிற முகவரிக்குப் படிவம் வீடு வீடா வரும். நிரப்பிக் கொடுக்கணும். டிசம்பர் 19 அன்னைக்கு வரைவுப் பட்டியல் வந்தப்போ மாநிலம் முழுக்க சுமார் 97 லட்சம் பேர் அதுல இல்ல. அதுல சுமார் 27 லட்சம் பேர் இறந்தவங்க, 3 லட்சத்துக்கு மேல இரட்டைப் பதிவு. மீதி 66 லட்சத்துக்கும் மேல, வீடு மாறினவங்க அல்லது முகவரியில இல்லாதவங்க.

இறந்தவங்க பேரும் இரட்டைப் பேரும் போக வேண்டியதுதான். ஆனா அந்த 66 லட்சத்துல ஒவ்வொரு வரியும் ஒரு பூட்டின கதவு. அதுல எத்தனை பேர் வேற மாநிலத்துல இருக்காங்க, எத்தனை பேர் ரெண்டு தெரு தள்ளி இருக்காங்கன்னு அந்தக் கதவுக்குத் தெரியாது. பேர் சேர்க்க அவகாசம் கொடுத்தாங்க, உண்மை. ஆனா பேர் போனது தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்த அவகாசத்தால பிரயோஜனம்.

அப்ப என்ன பண்றது?

முதல்ல, வாக்காளர் பட்டியல்ல உங்க பேர் எந்த முகவரியில இருக்குன்னு இன்னைக்கே தேர்தல் ஆணையத் தளத்துல பாருங்க. மாறியிருந்தா படிவம் 8. ஆன்லைன்லயும் போடலாம், வாக்குச்சாவடி அலுவலர்கிட்டயும் கொடுக்கலாம்.

சான்றுக்கு ஓனர் கையெழுத்து மட்டும்தான் வழின்னு நினைக்காதீங்க. கேஸ் இணைப்பு உங்க பேர்ல இருந்தா அது உங்க சொத்து. வங்கி அல்லது தபால் ஆபீஸ் பாஸ்புக்கும் அந்தப் பட்டியல்ல இருக்கு. வீடு மாறினதும் முதல் வாரத்துலயே இந்த ரெண்டுலயும் முகவரியை மாத்திடுங்க. கேஸ் பில்லுக்கு ஒரு வருஷம் ஓடியிருக்கணும், அதனால தள்ளிப் போடாதீங்க. ஒரே முகவரியில ஏற்கெனவே வாக்காளரா இருக்கிற அப்பா, அம்மா, கணவன், மனைவி பேர்ல இருக்கிற சான்றையும் காட்டலாம்.

ரெண்டாவது, தமிழ்நாட்டுல 2017இல் நிறைவேறின வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22லிருந்து நடைமுறையில இருக்கு. 1960ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலா வந்தது இதுதான். வாடகை எழுத்துலதான் இருக்கணும், வாடகை அதிகாரிகிட்டப் பதிவு செய்யணும்னு சொல்லுது. ஓனர் சேர்ந்து வரலைன்னா வாடகைதாரர் தனியாவும் விவரம் தாக்கல் செய்யலாம். 11 மாசம்னு எழுதித் தப்பிக்கிற பேச்சு இங்க இல்ல.

மூணாவது, ஓனர்கிட்டப் பேசுறப்போ ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடுங்க. ஒரு வீட்டு முகவரியில ஓட்டு இருந்தா அந்த வீட்டு மேல எந்த உரிமையும் வராது. பல ஓனர்கள் இந்தப் பயத்துலதான் தயங்குறாங்க. அவங்களும் மோசமானவங்க இல்ல, அறுபது வருஷப் பழக்கம் அப்படிப் பேச வைக்குது.

நாலாவது, பழைய இடத்துல ஒண்ணு, புது இடத்துல ஒண்ணுன்னு ரெண்டு பதிவு வச்சுக்காதீங்க. பொய்யான உறுதிமொழி கொடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கு.

இதெல்லாம் தனி ஆளா நாம செய்யக்கூடியது. ஆனா ஒவ்வொரு தடவையும் அலைய வேண்டியது நகர்ந்தவர் மட்டும்தானாங்கிற கேள்வி அப்படியேதான் நிக்குது. 1948இல் நாடே கலைஞ்சு கிடந்த நேரத்துல, கையில எதுவும் இல்லாத ஒருத்தர்கிட்ட அரசாங்கம் "எங்க இருக்கப் போறீங்க?"ன்னு கேட்டுச்சு. அவர் சொன்னதை நம்பி எழுதிக்கிச்சு. இன்னைக்கு நம்மகிட்ட ஆதார், ஓடிபி, கைரேகை எல்லாம் இருக்கு. நம்புறது மட்டும் குறைஞ்சிருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். அதுக்குள்ள உங்க வீட்டுல இருக்கிற அட்டைகளை எல்லாம் ஒரு தடவை மேசை மேல பரப்பி, எத்தனை முகவரி இருக்குன்னு எண்ணிப் பாருங்க. வாடகைக்கு இருக்கிற நண்பர்களுக்கும் இதை அனுப்புங்க.